மூடிமேல் எழுத்து

— எந்த வெரல்ணே?

— இன்னா பூவு?

— கம்பெனி பேப்பர்ல ரேகை வெச்சியே, எந்த வெரல வெச்சேன்னு கேட்டேன்.

— இடது கைப் பெருவெரலு. எல்லாரும் அத்தத்தான வெப்பாங்க. தோ பாரு, பத்து நாளாச்சி, நகத்தாண்ட மையி இன்னும் போவல. எண்ண தேச்சிப் பாத்தேன், சோடா உப்பும் போட்டுப் பாத்தேன்.

— போவாது. மடக்கிக்க.

— என்ன அப்டிப் பாக்காத பூவு. மெய்யாலுமே சொல்றேன், அதுல இன்னா எய்தியிருந்துச்சின்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? கம்பெனி கணக்கெய்தற ரைட்டர் வரதன் கூப்டாரு. "எத்திராஜு, செத்துப்போன லோகநாதன் விசயமா ஒரு பேப்பரு, நீதான அவன் தோஸ்து, ஒரு கைநாட்டு வெய்யி"ன்னாரு. லோகு நல்லவன், ஒயுங்கா வேலைக்கு வருவான்னு எய்திகீதுன்னு சொன்னாரு. வெச்சிட்டேன். கண்ணு தெரியாதவனும் எய்த்து தெரியாதவனும் ஒண்ணுதாம்மா. நாலு பேரு சொல்றத நம்பித்தான் கால வெக்கணும்.

— அதுல வேற கீதுன்னு, உங்க கம்பெனில கீற ரகுபதி மாமா படிச்சிப் பாத்துட்டு வந்து சொன்னாரு. "மோட்டார் ரூம்புல கரண்டு பொட்டி மேல போர்டு மாட்டியிருந்துச்சி. லோகநாதன் அத்தப் பாத்தான். பாத்துட்டும் தொட்டான்." இப்டி எய்தி, கீய உன் ரேகையாம்.

— அப்பாலதாம்மா எனக்கும் தெரிஞ்சிது. வயித்தெரிச்சல்.

— நாளைக்கி விசாரணைக்கு சர்க்காரு ஆபீசரு வராரு. உன்னக் கூப்ட்டு கேப்பாரு. இன்னா சொல்லுவ?

— நான் படிக்காதவன் சார், சொன்ன எடத்துல வெச்சேன் சார்னு ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடுவேன். எய்த்து தெரியாதவன அதுக்கு மேல எவன் கேப்பான்?

— நல்ல எடம்ணே அது. வெயிலும் படாது, மயையும் படாது.

— குத்தாத பூவு.

— குத்தல. ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கன்னு உன் காதுல வுய்தா?

— நான் எங்கம்மா காதுல போட்டுக்கறேன். வூட்ல ரெண்டு மாசக் கொயந்த. மங்கைக்கு இன்னும் இடுப்பு நிமிரல.

— கொயாயாண்ட தண்ணி புடிக்கப் போனேன். சொக்கம்மா சொல்றா, என் காது கேக்கவே. "லோகநாதன் எய்த்தக் கண்டா வுடாத ஆளு. போர்டு இருந்துச்சின்னா படிச்சிருக்கும். படிச்சிட்டும் தொட்டுதுன்னா, சாவணும்னுதான தொட்டுது? வூட்ல இன்னா கொடுமையோ?" கொடத்த அங்கியே போட்டுட்டு வந்துட்டேன்.

— அவ வாயி சாக்கட. அத்தப் போயி ஒரு பேச்சுன்னு எடுத்துக்கற.

— சாக்கட இல்லண்ணே. அவ சொன்னதையேதான் நானும் நாப்பது நாளா நெனச்சிகினு கீறேன்.

— இன்னா சொல்ற?

— அன்னிக்கிக் காலைல சண்ட. மயைல வெறகு நனஞ்சி அடுப்பு புடிக்கல. பயைய பேப்பரு ஒண்ணு கெடந்துச்சி, அத்தக் கொளுத்திப் போட்டேன். ஓடியாந்து, "நான் இன்னும் படிக்கலடி"ன்னு எரியற காயிதத்தக் கையால அமுக்கி அணைக்கறாரு. எனக்கு வந்துச்சி பாரு ஆத்திரம். "கட்னவ மூஞ்ச ஒரு நாளு இப்டிப் பாத்துகிறியா? கலீஜு காயிதத்து மேலதான் உனுக்குக் கண்ணு. போ, அத்தையே கட்டிகினு சாவு"ன்னேன். சாவுன்னு சொன்னேண்ணே. கஞ்சி கூட குடிக்காம போனாரு. மத்தியானம் கைவண்டில கெடத்தி கொண்டாந்தாங்க.

— பூவு...

— எங்கம்மா கிட்ட கூட சொல்லல. வெக்கமா கீது. பொணத்தாண்ட குந்திகினு மாருல அடிச்சிகினு அயறேன், உள்ள ஒண்ணு கேக்குது, இன்னாத்துக்குடி அயற, நீ சொன்னதத்தான அவரு செஞ்சாருன்னு. அப்பலேந்து சத்தம் போட்டு அயவே வரல எனக்கு.

— அய்யே, புருசன் பொண்டாட்டி வாயில ஒரு நாளைக்கி நூறு சாவு வரும். மங்கை என்ன சொல்லாத சாவா? மெய்யாலுமே சொல்றேன், லோகு உன் மேல உசுரையே வெச்சிருந்தான்.

— அப்ப போர்டு இல்லன்னு சொல்லு.

— நான் எப்டிம்மா...

— போர்டு இருந்துச்சின்னா அவரு படிச்சிருப்பாரு. அதுல எனக்கு சந்தேகமே கெடயாது. ஒண்ணு, அங்க போர்டு இல்ல. இல்லன்னா, என் வாயிதான் அவரக் கொன்னுது. ரெண்டுல ஒண்ணு. நடுவுல வேற வயியே இல்லண்ணே.

— அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டான். அந்த ரூம்புக்கு அன்னிக்கித்தான் மொதத் தபா போறான். கவுறு எடுத்துகினு வான்னு அனுப்பியிருக்காங்க. பொட்டிக்கு மூடி வேற இல்ல. கவுறு மேல கைய வெக்கறேன்னு பொட்டி மேல...

— கவனிக்கலியா? அவரா? ராயபுரத்துல டிராம்ல ஏறினா பாரீசு போற வரிக்கும் வாயி மூடாதே. காபி கிளப்பு, சைக்கிள் ரிப்பேரு, பல் கட்டுமிடம், இங்கு ஒண்ணுக்குப் போகாதேன்னு. பக்கத்துல குந்திகினு கீற எனக்கு மானம் போவும். கலியாணத்தன்னிக்கி இன்னா பண்ணாரு? நீதான கூட நின்ன.

— சொம்பு!

— தாலி கட்ற நேரம். நான் குனிஞ்சிகினு கீறேன், குனிஞ்சிகினே கீறேன், தாலி வரல. நிமுந்து பாத்தா, எதுத்தாப்புல கீற சொம்பப் பாத்துகினு, "ஆறுமுகம் வாடகைப் பாத்திரம், காலடிப்பேட்டை"ன்னு படிக்கறாரு.

— சபையே சிரிச்சிதே! உங்கப்பன் மூஞ்சி போன போக்கு!

— போவாதா? பாத்திரமெல்லாம் சொந்தம்னு சம்மந்தி வூட்ல சொல்லி வெச்சிருந்தாரு.

— அய்யோ லோகு, லோகு. அப்டி ஒரு ஆளு.

— நான் ஒரு நாளு பந்தயம் கட்னேன். "எய்த்தப் பாரு, ஆனா படிக்காத. நீ செயிச்சா வஞ்சிரம் வறுத்துத் தரேன்"னேன். சுண்டல் பொட்டலத்தப் பிரிச்சி மூஞ்சியாண்ட நீட்னேன். ஒரு நொடிதான். தலையத் தொங்கப் போட்டுகினு, "தோத்துட்டேன் பூவு, பல்பொடி"ன்னாரு. மூணு வாட்டி வெச்சேன். மூணு வாட்டியும் தோத்தாரு. வஞ்சிரத்த நானே தின்னேன்.

— பல்பொடி...

— ஏன்யா இப்டின்னு கேட்டேன். அப்ப சொன்னாரு. "நான் போயி படிக்கறதில்லடி, அதுவா உள்ள வந்துடுது. உன் மூஞ்சப் பாத்தா மூக்கு ஒண்ணு, கண்ணு ரெண்டு, மூக்குத்தி ஒண்ணுன்னு எண்ணி கூட்டிப் பாத்தா பூவம்மான்னு கண்டுபுடிக்கறேன்? பாத்த ஒடனே பூவு. எய்த்தும் அப்டித்தான். தெரியாத வரிக்கும் அது கோடு. தெரிஞ்சிட்டா, அப்பால அத்தக் கோடா பாக்கவே முடியாது. பாக்கக் கூடாதுன்னு நெனச்சாலும் முடியாது"ன்னாரு.

— முடியாது. சத்தியமா முடியாது.

— இன்னாண்ணே?

— இல்ல... அவன் சொல்லுவான் இல்ல, அத்த சொன்னேன்.

— எனக்கு எல்லாம் கோடுதான். காத்திவாக்கத்துல மணல்ல நண்டு ஓடினா மாரிதான் தெரியும். கத்துக் குடுக்கறேன்னு எத்தினி தபா கூப்டாரு. மீனு ஆயறவளுக்கு எதுக்குய்யான்னு தொரத்தி வுட்டேன். இப்ப அந்தப் பேப்பர்ல இன்னா கீதுன்னு ஊரக் கேட்டுகினு திரியறேன்.

— செரி பூவு, நான் கெளம்பறேன். பேசிப் பேசி தொண்ட காஞ்சி போச்சி.

— தண்ணி குடிச்சிட்டுப் போ. மூலையில பானை கீது, பக்கத்துல சொம்பு கீது. மூடியத் தூக்கிட்டு நீயே மொண்டுக்க. என் கையெல்லாம் செதிலு.

— நீ வேலையப் பாரு, நான் மொண்டுக்கறேன்...

— இன்னாண்ணே நின்னுட்ட?

— ஒண்ணும் இல்ல.

— மொண்டு குடி.

— வோணாம்மா. தாகம் அடங்கிப் போச்சி.

— இப்பதான தொண்ட காஞ்சி போச்சின்ன?

— பல்லி ஒண்ணு ஓடிச்சி, மூடி மேல.

— பல்லிக்கா பயப்படற? ஆர்பருல எலி நடுவுல மூட்ட தூக்கின ஆளு நீ. தூக்குண்ணே மூடிய.

— வோணாம்னா வுடேன் பூவு.

— நீட்ன கைய நெருப்பு பட்டா மாரி இஸ்துகினியே. நான் பாத்துகினுதான் கீறேன். தூக்கு.

— இதுக்குத்தான் கூப்டியாம்மா என்ன? வூட்டுக்கு வரச் சொல்லி, குந்த வெச்சி, தண்ணி குடிண்ணேன்னு சொல்லிட்டு, பானை மேல தொடாதேன்னு எய்தி வெச்சிகிறியே! ரேகை வெச்ச கையி பட்டா உன் தண்ணி தீட்டாயிடுமா? இந்த வூட்ல எத்தினி நாளு கை நனச்சிருக்கேன்! வாயால சொல்லியிருந்தா வாசலோட போயிருப்பேனே!

— இன்னான்னு எய்திகீதுன்ன?

— வுடு பூவு, நான் போறேன்.

— சொல்லுண்ணே. மூடி மேல இன்னான்னு எய்திகீது? இன்னொரு வாட்டி சொல்லு.

— தொடாதே.

— தொடாதேன்னா எய்திகீது?

— பூவு, இன்னாம்மா இப்டி வெளுத்துப் போன? குந்து. மொதல்ல குந்து. யாரையாவது கூப்டட்டா?

— நான் குந்திகினுதான் கீறேன். நீ குந்து. கதவ சாத்திட்டு குந்து. எப்பக் கத்துகின?

— பூவு, இத்த வெளில சொல்லிடாத. உன் கால்ல வுயறேன்.

— எப்பக் கத்துகினேன்னு கேட்டேன்.

— ஒண்ணர வருசம் ஆவுது. லோகுதான். மத்தியானம் சோத்து வேளைல, குடோனு பின்னால. கரியால சொவுத்துல எய்தி எய்தி அயிப்பான்.

— அதான் அந்த ஒண்ணர வருசமா ரெண்டு ஆளு கொயம்பு கட்டுன்னு சொன்னாரா? எங்கிட்ட கூட சொல்லல பாரு.

— நான்தான் சத்தியம் வாங்கினேன். நாப்பத்திரண்டு வயசும்மா எனக்கு. செட்ல எல்லாரும் பெரியாளு, பெரியாளுன்னு கூப்டறாங்க. அவன் என்ன வுட பதினஞ்சி வயசு சின்னவன். அவன் முன்னால குந்திகினு அனா ஆவன்னா தடவறேன்னு தெரிஞ்சா எங்க போயி மூஞ்ச வெச்சிக்கறது? மங்கைக்கே தெரியாது. சம்பளத்தன்னிக்கி, கையெய்த்து போடத் தெரிஞ்சும், ரேகைதான் வெப்பேன். என் கையெய்த்து கோயி கிளறினா மாரி கீதும்மா. அத்தப் பாத்து ரைட்டரு சிரிச்சா தாங்க மாட்டேன்.

— எனக்கு சந்தேகம் இருந்துச்சிண்ணே. கருமாதியன்னிக்கி பேப்பர் துண்டுல வடை வெச்சிக் குடுத்தேன் இல்ல? எல்லாரும் தின்னுட்டு கசக்கிப் போட்டாங்க. நீ வடைய ஒரு கையில எடுத்துகினு, பேப்பர சுத்தி சுத்தி வெச்சிப் பாத்த. எங்கூட்டுக்காரு மாரியே. அன்னிக்கி ராவெல்லாம் எனக்கு அதான் கண்ணுல நின்னுது.

— பாத்தியா? நான் பாக்கணும்னு பாக்கலம்மா. அதான் பேஜாரு. மொதல்ல எல்லாம் ஒவ்வொரு எய்த்தா தடவுவேன், இருட்டுல செருப்பு தேடறா மாரி. ஒரு நாளு ராயபுரம் மார்க்கெட்டாண்ட நடந்துகினு போறேன். ஒரு கடை. நான் பாக்கக் கூட இல்ல, கண்ணு அந்தாண்ட போச்சி, அவ்ளோதான். "உப்பு"ன்னு உள்ள வந்துச்சி. தடவல, கூட்டல, ஒண்ணும் பண்ணல. எவனோ காதுல சொன்னா மாரி, உப்பு. நடு ரோட்ல நின்னு அய்தேன் பூவு. லோகு கிட்ட ஓடிப் போயி சொன்னேன். கட்டிப் புடிச்சிகினான். "இனிமே உனுக்கு நிம்மதி கெடயாது நைனா"ன்னான். சிரிச்சிகினேதான் சொன்னான்.

— இவ்ளோ சந்தோசப்பட்டவன் ஏன் மறச்ச?

— வெக்கம்தான். அப்பால, அந்த வெக்கமே சௌகரியமாயிடுச்சி. தெரியாதவன்னா எதுக்கும் பதிலு சொல்ல வோணாம் பாரு. போன வருசம் ஓட்டு போடப் போனப்ப கூட, பேரப் படிச்சிட்டு, படத்தப் பாத்து போடறா மாரி வெரலால தேடினேன். கேவலம்.

— அப்ப கம்பெனி பேப்பர நீ படிச்ச.

— பூவு...

— படிச்சிட்டுதான் ரேகை வெச்ச.

— படிக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன். ஆண்டவன் சாட்சியா. சொவுத்தப் பாத்தேன், ரைட்டரோட கண்ணாடிய பாத்தேன், மை டப்பாவப் பாத்தேன். ரேகை வெக்கணும்னா எடத்தப் பாக்கணுமே. ஒரு தபா கண்ணு கீய போச்சி. மொத்தமும் உள்ள வந்துட்டுது. லோகநாதன்னு மூணு எடத்துல எய்தியிருந்துச்சி. அந்தப் பேர எய்தறதுக்கு அவன்தான் எனக்குக் கத்துக் குடுத்தான். என் பேருக்கு முன்னால அவன் பேரத்தான் எய்தினேன், சுளுவா கீதுன்னு. அது மேலயே பெருவெரல வெச்சி அமுக்கினேன்.

— ஏண்ணே?

— வரதன் வேல போயிடும்னு சொன்னாரு. "வூட்ல பச்சக் கொயந்த கீதுன்னு கேள்விப்பட்டேன் எத்திராஜு"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. நான் வெச்சிட்டேன். அன்னிலேந்து சோறு உள்ள எறங்கல. ஆனா நீ காலைல அவன சாவுன்னு சொன்னேன்னு... அது எனக்குத் தெரியாது பூவு. நீ அத்த நெஞ்சில வெச்சிகினு குந்திகினு கீறேன்னு தெரிஞ்சிருந்தா, என் வெரல வெட்டிப் போட்டிருப்பேன்.

— இப்பத் தெரிஞ்சிடுச்சி இல்ல? இப்ப சொல்லு. போர்டு இருந்துச்சா, இல்லியா?

— இல்ல.

— என் மூஞ்சப் பாத்து சொல்லு.

— போர்டு அங்க இல்லம்மா. சொவுரு மொட்டையா இருந்துச்சி. ஆணி ஒண்ணு மட்டும்தான் தொங்கிகினு இருந்துச்சி. லோகு ஒண்ணும் படிக்கல. படிக்கறதுக்கு அங்க ஒரு எய்த்து கூட இல்ல. உன் வாயி அவனக் கொல்லல பூவு. நீ சொன்னத அவன் கம்பெனி வாசல்லயே மறந்திருப்பான். வாசல்ல நோட்டீசு ஒட்டியிருந்தாங்க, அத்தப் படிச்சிகினு நின்னான், நான் பாத்தேன்.

— நோட்டீசு படிச்சிகினா?

— ஆமா. கெக்கெக்கேன்னு சிரிச்சிகினு நின்னான். அய்வும்மா. நல்லா அய்துடு. நாப்பது நாளு கட்டி வெச்சது. நானும் பாவி, சேந்து அயறேன்.

— சிரிச்சிகினா போனாரு... சிரிச்சிகினா...

— நாளைக்கி ஆபீசரு முன்னால சொல்லிடறேன். எனக்குப் படிக்கத் தெரியும் சார், பொய்யின்னு தெரிஞ்சே வெச்சேன் சார், அந்த ரூம்புல போர்டு இல்ல சார்னு. இனிமே ரேகை இல்ல. கோயி கிளறினா மாரி கீதோ, குப்பை மாரி கீதோ, கையெய்த்து போடறேன். வேல போனாப் போவட்டும். பெரம்பூர் பக்கம் போயி மூட்ட தூக்கறேன். செரியா? போதுமா பூவு?

— ஆபீசரு ஒண்ணு கேப்பாரேண்ணே.

— இன்னா?

— மாட்டி வெச்ச போர்டு எங்க போச்சின்னு கேப்பாரு.

— அது... துருப் புடிச்ச ஆணிம்மா. கயண்டு வுய்ந்திருக்கும். எவனாச்சும் பலகை கெடக்குதேன்னு தூக்கினு போயிருப்பான்.

— எவன்?

— எவனோ. யாருக்குத் தெரியும்? ஆயிரம் பேரு வந்து போற எடம். அந்த வாரம் மயை வேற, வூட்டுக்கு வூடு தண்ணி. எய்த்து தெரியாத எவனோ ஒரு பய, பலகைதானன்னு எடுத்துகினு போயிருப்பான்.

— எய்த்து தெரியாதவனா?

— ஆமா. தெரிஞ்சவன் எடுப்பானா?

— எடுப்பானாண்ணே? நீயே சொல்லு. தொடாதேன்னு எய்திகீது. படிக்கத் தெரிஞ்சவன், கண்ணுல பட்டா படிக்காம இருக்க முடியாதவன், அத்த எடுத்துகினு போவானா?

— மெய்யாலுமே போவ மாட்டான் பூவு.

— செரி. தண்ணி குடி.

— இப்பத் தொடலாமா மூடிய?

— தொடு. உன் மேல தீட்டு ஒண்ணும் இல்ல.

— அப்பாடா. ஜில்லுன்னு கீது. இந்தா, இந்த எய்த்த அயிச்சிடட்டா? நல்லால்ல பாக்கறதுக்கு.

— வோணாம். இருக்கட்டும்.

— எய்த்து கொஞ்சம் கோணலா கீது, ஆனா பத்திரமா எய்திகீது. உனுக்குத்தான் எய்த வராதே. யாரு எய்திக் குடுத்தது?

— யாரும் எய்திக் குடுக்கல. நான்தான் சுண்ணாம்பால போட்டேன். உனுக்குப் படிக்கத் தெரியுமான்னு பாக்கணும், எதனா எய்த்து வோணும். கோலம் பாத்துப் போடறா மாரி, ஒவ்வொரு வளைவா பாத்துகினு வந்து போட்டேன்.

— எத்தப் பாத்து?

— முந்தாநேத்து உங்க வூட்டுக்கு வந்தேன் இல்ல? மங்கை அண்ணி கொயந்தைக்குத் தண்ணி ஊத்த குந்தற பலகையக் கய்வி, வெயில்ல நிமித்தி வெச்சிருந்தாங்க. "மயைல வூடெல்லாம் தண்ணின்னு உங்கண்ணன் எங்கியோ போயி கொண்டாந்தாரு. இந்தப் பக்கம் மேல வர வுடவே மாட்டாரு, ஏன்னே தெரீல"ன்னு சொல்லி சிரிச்சாங்க. அந்தப் பக்கத்துல செவப்பா எய்த்து இருந்துச்சி. ஏதோ டீத்தூள் பொட்டிப் பலகைன்னு நெனச்சேன். அதுல இன்னா எய்திகீதுன்னு, நீ உன் வாயால படிக்கிற வரிக்கும் எனக்குத் தெரியாதுண்ணே.